விடைத்தாளைப் பார்த்தாயா?

கேள்வி: "மேடம், நான் அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தேன். பிளஸ் டூ கணக்கில் 91. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங் (ஈ.சி.இ.) கிடைத்தது. எங்கள் வீட்டில் காலேஜ் போகும் முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. எம் ஒன்னில், அதாவது முதல் செமஸ்டர் கணக்கில், யூ கிரேடு, ஃபெயில். இன்டர்னல் 28 இருந்தும் அரியர். கெமிஸ்ட்ரி சி. மற்றவை பரவாயில்லை. ஊரில் கணக்கு என்றால் சின்னப் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கணக்கிலேயே போய்விட்டது. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதை விட்டுவிட்டு ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிடலாமா? ரீவேல்யூவேஷன் போடட்டுமா? அரியர் இருந்தால் வேலையே கிடைக்காது என்கிறார்களே? ராத்திரி தூக்கம் வருவதில்லை. சில நேரம் எதுவுமே வேண்டாம் என்று இருக்கிறது. என் பெயரைப் போட வேண்டாம்."

பதில்:

உன் கடிதம் வந்த அன்றைக்கே இரண்டு வரி தனியாக அனுப்பினேன், கிடைத்திருக்கும். விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பித்துவிடு, கடைசித் தேதி எப்போது என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் நாளைக் காலையிலேயே கேள் என்று. அதற்கு ரிசல்ட் வந்த பிறகு கொஞ்ச நாள்தான் அவகாசம் தருவார்கள். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள். மற்றதை இப்போது நிதானமாகப் பேசலாம். வகுப்பில் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் உன் கடைசி வரிக்கு வருகிறேன். கணக்கை விட அது முக்கியம். "எதுவுமே வேண்டாம்" என்பதை இரண்டு அர்த்தத்தில் சொல்வார்கள். இந்தப் படிப்பே வேண்டாம், ஆளை விடுங்கள் என்பது ஒன்று. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்பது இன்னொன்று. நீ எந்த அர்த்தத்தில் எழுதினாய் என்று நேரில் இருந்தால் நேராகவே கேட்டிருப்பேன். இப்போதும் கேட்கிறேன், உனக்குள் பதில் சொல்லிக்கொள். இரண்டாவது என்றால், ஒரே ஒரு ராத்திரி அப்படித் தோன்றியிருந்தாலும், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104ஐயும் கூப்பிடலாம். பக்கத்தில் அம்மா இருந்தால் அம்மாவை எழுப்பு. எம் ஒன் எங்கும் ஓடிப் போகாது. ஏப்ரல், மே மாதத்தில் திரும்ப வரும்.

சரி, இனி பரீட்சைக்கு வருவோம்.

உனக்கு எம் ஒன்னில் எத்தனை மார்க் என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியாது. கடிதத்திலும் எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் பல்கலைக்கழகம் உனக்குக் காட்டியது ஒரே ஒரு எழுத்தை. யூ என்பதற்குப் பின்னால் 44 மார்க்கும் இருக்கலாம், 12 மார்க்கும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் நீ படிப்பையே மாற்ற யோசித்துக்கொண்டிருக்கிறாய். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் விடைத்தாளைப் பார் என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக இன்ஜினீயரிங் கல்லூரிகளில் கணக்கு எடுக்கிறேன். அரியரோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விடைத்தாளைப் பார்ப்பதால் என்ன தெரியும் என்று கேட்பாய். ஒரு பையனின் தாளைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன், கணக்கை மாற்றவில்லை. அவனும் தமிழ் மீடியம். நகலை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான், மடித்து மடித்துக் கையகலத்துக்குச் சுருக்கி வைத்திருந்தான். மேசையில் விரித்தோம். மொத்தம் 41. தேர்வில் 100க்கு 45 வேண்டும். நாலு மார்க்கில் போயிருக்கிறது. அது தெரிந்ததும் அவன் முகம் இன்னும் சுருங்கிவிட்டது, 15 எடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருந்தது.

பென்சிலைக் கொடுத்து, போன 59 மார்க் எங்கே போனது என்று பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன். ஐந்தாவது யூனிட் மல்டிபிள் இன்டக்ரல்ஸ் அவன் தொடவே இல்லை. பகுதி பி-யில் 13, பகுதி ஏ-யில் 4, ஆக 17 மார்க் படிக்காததால் போனது. கடைசிக் கேள்வி, 15 மார்க், எண்ணைப் போட்டு அடிக்கோடு இழுத்ததோடு நிற்கிறது. "நேரம் இல்லை மேடம்" என்றான். நேரம் எங்கே போனது? முன்பக்கத்துக்குத் திருப்பினோம். பதினொன்றாவது கேள்வி, ஐகன் மதிப்பும் ஐகன் வெக்டரும் காண வேண்டும். அணி இதுதான்: முதல் வரிசை 6, −2, 2, இரண்டாவது −2, 3, −1, மூன்றாவது 2, −1, 3. எம் ஒன் எழுதிய யாருக்கும் இந்த அணியைத் தெரியாமல் இருக்காது, அவ்வளவு பழைய நண்பர்.

ஐகன் மதிப்புகள் என்பவை அணியிலிருந்து அமைக்கும் ஒரு முப்படிச் சமன்பாட்டின் தீர்வுகள், அதை எழுத மூன்று எண் வேண்டும். முதன்மை மூலைவிட்டத்தின் கூடுதல் 12, சரியாகப் போட்டிருந்தான். அணிக்கோவை 32, அதுவும் சரி. நடுவில் மூன்று சிறு அணிக்கோவைகளின் கூடுதல் வர வேண்டும். 14, 14, 8, ஆக 36. கடைசிச் சிற்றணிக்கோவையில் மூன்றும் மூன்றும் ஒன்பது, அதிலிருந்து −1ஐயும் −1ஐயும் பெருக்கி வருகிற 1ஐக் கழிக்க வேண்டும். இவன் கூட்டிவிட்டான். 8க்குப் பதில் 10, 36க்குப் பதில் 38. அவ்வளவுதான். 36 என்றால் அந்த முப்படிச் சமன்பாடு 2, 2, 8 என்று அழகாக உடையும். 38 என்றால் எந்த முழு எண்ணுக்கும் உடையாது. இவன் 1ஐப் போட்டுப் பார்த்திருக்கிறான், 2ஐ, 3ஐ, 4ஐ, பிறகு மைனஸ் எண்களை. இரண்டு முழுப் பக்கம். அடித்திருக்கிறான், திரும்ப எழுதியிருக்கிறான். 13 மார்க் கேள்விக்கு நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் போயிருக்கும். கிடைத்தது 4.

கணக்குப் போட்டுப் பார். அந்தக் கேள்வியில் போன 9, நேரம் போனதால் விட்ட கடைசிக் கேள்வி 15. ஒரு மைனஸ் குறி 24 மார்க்கைத் தின்றிருக்கிறது. மீதி 18 அங்கங்கே அரைகுறையாகத் தெரிந்த கணக்குகளில் உதிர்ந்தது. "எனக்கு மேத்ஸ் வராது மேடம்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தான். வராதது ஐந்தாவது யூனிட் மட்டும்தான். அதைக்கூட வராது என்று சொல்ல முடியாது, படிக்கவில்லை, அவ்வளவே.

உன் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பென்சில் வேலையை நீ தனியாகவே செய்யலாம். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது. படிக்கவே இல்லையா, படித்தும் மறந்ததா, குறி தவறியதா, நேரம் போனதா, கேள்வியில் இருந்த இங்கிலீஷ் புரியவில்லையா. கடைசிக் காரணத்தை எழுத வெட்கப்படாதே, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்கு அதுவும் இருக்கும், யாரும் வெளியே சொல்வதில்லை. கூட்டலையும் ஒரு தரம் சரிபார். ஏதாவது பக்கத்தைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பார். நகலுக்கு விண்ணப்பிக்கத் தேதி தாண்டிவிட்டது என்றால் அந்தக் கேள்வித்தாளை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மறுபடி எழுது. அசல் அளவுக்குச் சரியாக இருக்காது, ஆனால் எங்கே கை நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ரீவேல்யூவேஷன் போடலாமா என்றாய். நகலைப் பார்த்த பிறகு போடு. உன் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, "இந்த ஸ்டெப்புக்கு மார்க் வந்திருக்க வேண்டுமே" என்று அவரே சொன்னால் காசு கட்டு. இல்லையென்றால் வேண்டாம். சிலர் லாட்டரிச் சீட்டு மாதிரி ரீவேல்யூவேஷனைப் போட்டுவிட்டு, அந்த முடிவு வரும்வரை புத்தகத்தையே தொடுவதில்லை. காசு போவதை விடு, நாள் போகிறதே.

இப்போது உன் 91க்கு வருகிறேன். அதுதான் உன்னை அதிகமாகக் குத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. 91 பொய்யில்லை. ஆனால் அந்தத் தேர்வையும் இந்தத் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90க்கு. அதில் 20 மார்க் ஒரு மார்க் கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் பத்துக்கு ஏழு எழுதினால் போதும். பெரிய கேள்வியே ஐந்து மார்க்தான். மேலே 10 மார்க் அக மதிப்பீடு. இங்கே ஒரு மார்க் கேள்வி கிடையாது. பத்து இரண்டு மார்க் கேள்விகளில் சாய்ஸ் கிடையாது. அப்புறம் ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். ஒரு கணக்கு தவறினால் பள்ளியில் ஐந்து போகும், இங்கே பதின்மூன்று. அங்கே புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளை நாலு தடவை போட்டால் தேர்வுக்கு அது போதும். இங்கே எண்ணை மாற்றிக் கேட்பார்கள், சில நேரம் கேட்கும் விதத்தையே மாற்றிக் கேட்பார்கள். நீ மாறவில்லை, தேர்வு மாறிவிட்டது. முதல் செமஸ்டரில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது எங்கள் பக்கத்துக் குறை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மொழி விஷயம் ஒன்று. எம் ஒன்னில் ஐந்து யூனிட். அணிகள், டிஃபரன்ஷியல் கால்குலஸ், பல மாறிச் சார்புகள், இன்டக்ரல் கால்குலஸ், மல்டிபிள் இன்டக்ரல்ஸ். இதில் பெரும்பகுதிக்கு அடித்தளம் உன் பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கிறது. முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழு இருக்கிறது. வகுப்பில் மேடம் பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று சொன்னபோது உனக்கு அது புது வார்த்தையாகக் கேட்டிருக்கும். பழைய ஆள்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு சின்ன நோட்டில் ஒரு பக்கம் அணிக்கோவை, எதிரே டிடெர்மினன்ட்; சார்பு, எதிரே ஃபங்ஷன்; எல்லை, லிமிட்; தொடர்ச்சி, கன்டினியூட்டி; பெருமம் சிறுமம், மாக்சிமா மினிமா; தரம், ரேங்க் என்று எழுதிக்கொண்டே வா. அறுபது எழுபது வார்த்தைகளில் எம் ஒன் முடிந்துவிடும். உனக்குத் தினமும் காலேஜ் பஸ் பயணம் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. குலுங்குகிற பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, வார்த்தையைப் பார்க்கலாம், இரண்டு மார்க் கேள்விகளை மனசுக்குள் ஓட்டலாம்.

படிக்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறையப் பிள்ளைகள் கணக்கைப் படிக்கிறார்கள். போடுவதில்லை. தீர்வு எழுதிய நோட்ஸைப் பார்த்துக்கொண்டே காப்பி எடுப்பார்கள், யூடியூபில் ஒருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தேர்வு அறையில் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் முதல் வரி வராது. நோட்டை மூடிவிட்டுப் போடு. மாட்டிக்கொண்டால் திறந்து ஒரு வரி மட்டும் பார், மறுபடி மூடு. மறுநாள் அதே கணக்கைத் திரும்பப் போடு. எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் வந்தால்தான் மண்டையில் ஏறுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, ஒரே மாதிரிக் கணக்கை அடுக்கி அடுக்கிப் போடாதே. அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சில வடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது, இன்னொரு குழுவுக்கு எல்லா வகையும் கலந்து வந்தது. பயிற்சியின்போது அடுக்கிப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது அடுக்கியவர்கள் 20, கலந்தவர்கள் 63. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தேர்வில் கஷ்டமே "இதற்கு எந்த வழி" என்று கண்டுபிடிப்பதுதான். ஒரு இன்டக்ரலைப் பார்த்ததும் இது பிரதியிடலா, பகுதிப் பின்னமா, பகுதித் தொகையிடலா என்று முடிவெடுக்க வேண்டும். அடுக்கிப் போடும்போது அந்த முடிவைத் தலைப்பே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பத்துக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி எடு. சிரிக்காதே, நான் இன்றும் வகுப்பில் இதைத்தான் செய்கிறேன்.

அப்புறம் சரிபார்க்கும் பழக்கம். அந்தப் பையனின் கதை உனக்கு வரக் கூடாது. ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமம், பெருக்கல் அணிக்கோவைக்குச் சமம். 2, 2, 8 கூட்டினால் 12, பெருக்கினால் 32. அரை நிமிடம் கூட ஆகாது. சமன்பாடு உடையவில்லை என்றால் மூன்று எண்ணைப் போட்டுப் பார்த்ததோடு நிறுத்து, நாலாவதைப் போடாதே, சமன்பாட்டையே திரும்பிப் பார். அப்போதும் வரவில்லை என்றால் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. மூன்று மணி நேரத்தில் 100 மார்க், ஒரு 13 மார்க் கேள்விக்கு 23 நிமிடம் வரும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிப் பழகு. வீட்டில் எழுதும்போதும் 23 நிமிடம் ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிடு.

எவ்வளவு மார்க்குக்குக் குறி வைப்பது? உன்னுடையது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட, தேர்வு விதிகள் என்று வைத்துக்கொள்கிறேன். இன்டர்னல் 40, தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். உன் 28 அடுத்த முறைக்கும் அப்படியே வரும். 28ஐ வைத்துக்கொண்டு தேர்வில் 22 சேர்த்தால் 50 ஆகிவிடுமே என்று கூட்டாதே, அந்த 45 சதவீதக் கதவு தனி. தேர்வில் 100க்கு 45 எடுத்தால் 27 ஆகிறது, 28ஐச் சேர்த்தால் 55, சி கிரேடு. 60 எடுத்தால் 36, மொத்தம் 64, பி பிளஸ். 60க்குக் குறி வை. 45க்குக் குறி வைக்கிறவர்கள்தான் 41இல் நிற்பார்கள். முதல் யூனிட்டிலும் மூன்றாவதிலும் தொடங்கு, அவை உனக்குப் பள்ளியில் பழக்கமானவை. ஐந்தாவதைக் கடைசியில் எடு, ஆனால் விட்டுவிடாதே. அதில் தொகையிடும் வரிசையை மாற்றும் கணக்கில் பாதி வேலை படம் வரைவதில் இருக்கிறது. எல்லைகளைக் கோடாக வரைந்து அந்தப் பகுதியைப் பென்சிலால் நிழலிட்டுவிட்டால் புது எல்லை கண்ணுக்கே தெரியும். படம் வரையாமல் போட முயல்கிறவர்களைத்தான் அது கவிழ்க்கிறது.

தினமும் முக்கால் மணி நேரம், அதற்கு மேல் எம் ஒன்னுக்குக் கொடுக்காதே. இதை நான் பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை. ஒரு அரியரைத் துரத்திக்கொண்டே போய் நடப்பு செமஸ்டரில் இரண்டைச் சேர்த்துக்கொள்வதுதான் நான் அதிகமாகப் பார்த்த விபத்து. ஒரு அரியர் யாரையும் கவிழ்த்து நான் பார்த்ததில்லை, அது குட்டி போடும்போதுதான் ஆபத்து. நல்ல செய்தி என்னவென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். இந்த செமஸ்டரில் உனக்கு இருக்கிற ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸில் ஐகன் மதிப்பு மறுபடி வருகிறது. சர்க்யூட் அனாலிசிஸில் மெஷ் சமன்பாடுகளை அணியாக எழுதித் தீர்க்க வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் ஈ.சி.இ.காரர்களுக்கு லீனியர் ஆல்ஜீப்ரா காத்திருக்கிறது. முதல் யூனிட்டை இப்போது சரியாகப் பிடித்தால் மூன்று பேப்பருக்கு உழைத்த மாதிரி.

வேலைக்கு வருகிறேன். நீ இழந்தது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷனுக்கு எல்லாப் பாடத்தையும் முதல் முறையே தேறியிருக்க வேண்டும். ரீவேல்யூவேஷனில் பாஸ் வந்தால் ஒழிய அது இனி உனக்கு இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கிறது, அதற்கு சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி கிரேடுப் புள்ளி, 6.5 போதும். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பெரும்பாலும் கேட்பது ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா என்றுதான், அதாவது அன்றைய தேதியில் தேறாத பேப்பர். சில கம்பெனிகள் பழைய அரியரையும் கேட்கும், அவை கொஞ்சம். உனக்குக் கேம்பஸ் வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கிரேடு குறைந்தால் சி.ஜி.பி.ஏ. பாழ் என்று பயமா? சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் தருகிற எடைதான் கிரெடிட், எம் ஒன் 4 கிரெடிட். எட்டு செமஸ்டருக்கும் சேர்த்து 160 சொச்சம் கிரெடிட். ஏ வாங்க வேண்டிய இடத்தில் சி வாங்கினால் மூன்று புள்ளி, நாலால் பெருக்கினால் 12, அதை 160ஆல் வகுத்தால் 0.075. மொத்த சி.ஜி.பி.ஏ.வில் அவ்வளவுதான் குறையும். கெமிஸ்ட்ரி சி-க்கு இன்னும் குறைவு, அது 3 கிரெடிட். அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிடு.

படிப்பை மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஈ.சி.இ. பிடிக்கவில்லை என்று நீ எங்கேயும் எழுதவில்லை. அடிபட்ட இடத்தை விட்டு ஓடத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் செமஸ்டர் முடியட்டும். அப்போதும் சர்க்யூட்டைப் பார்த்தால் கசந்தால் எழுது, பேசலாம். இந்த இடத்தில் ராமானுஜனைக் கொண்டுவந்து ஆறுதல் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அவர் அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. தேறாதது உண்மைதான், ஆனால் அவரைக் கவிழ்த்தது கணக்கு இல்லை, மற்ற பாடங்கள். அதனால் அவர் உனக்கும் எனக்கும் பயன்பட மாட்டார். எனக்கு பி.எஸ்சி.யில் ரியல் அனாலிசிஸில் 31. பாஸ் மார்க் 40. அப்போது விடைத்தாளைப் பார்க்க வழியே கிடையாது. எங்கே தவறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் அதிர்ஷ்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்பா விஷயம். இதைத் தள்ளிப் போடாதே. ரிசல்ட் வரவில்லை என்பது ஒரு வாரம் ஓடும். பிறகு பஸ்ஸில் கூட வருகிற பெண்ணின் அம்மாவோ ஊர்க்கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வார். அப்போது அவருக்கு வலிப்பது அரியர் இல்லை, நீ மறைத்தது. அவர் வண்டி ஓட்டக் கிளம்பும் நேரத்தில் சொல்லாதே. ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்காரும்போது, அம்மாவையும் வைத்துக்கொண்டு சொல். "அப்பா, ரிசல்ட் வந்திடுச்சு. ஒரு பேப்பர் போயிடுச்சு, கணக்கு. ஏப்ரல்ல திரும்ப எழுதணும். பயந்துபோய் உங்ககிட்ட மறைச்சேன்." இவ்வளவு போதும், விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதே. அவர் கத்தினால் கத்தட்டும், கத்துவதற்கு அவருக்கும் உரிமை உண்டு. அரியர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒரு வருடமே வீணாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அவர் மொழியிலேயே சொல். வண்டியை எஃப்.சி. காட்டக் கொண்டுபோகிறார், பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர் வண்டியை விற்றா விடுகிறார்? பிரேக்கைப் பார்த்துவிட்டு மறுபடி கொண்டுபோய்க் காட்டுகிறார். இதுவும் அதேதான் என்று சொன்னால் அவருக்குச் சட்டென்று புரியும். எந்தப் பாகத்தில் கோளாறு என்று கேட்பார். அதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும் என்றால் அந்த நகல் கையில் இருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லை என்றாலும் விண்ணப்பித்துவிட்டேன் என்றாவது சொல்லலாம்.

நகல் வந்ததும் உங்கள் எம் ஒன் மேடத்திடம் கொண்டுபோ. "டவுட் இருக்கு மேடம்" என்று வெறுங்கையோடு போய் நிற்காதே. அப்படி வருகிறவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று எங்களுக்கே தெரியாது. பக்கத்தைத் திறந்து, பென்சிலால் வட்டம் போட்ட இடத்தைக் காட்டி, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எனக்கு எப்படி வந்திருக்கணும்?" என்று கேள். ஒரே தடவையில் இரண்டு கணக்குக்கு மேல் கேட்காதே, மறுநாளும் போகலாம். அவர் சிடுசிடுப்பானவர் என்றால் டிபார்ட்மென்டில் வேறு யாராவது ஒரு மேத்ஸ் ஆசிரியரைப் பிடி, விடைத்தாளோடு வருகிற பிள்ளையை யாரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

முடிந்தால் எனக்கும் எழுது. மொத்த மார்க்கைச் சொல்ல வேண்டாம். பதினொன்றாவது கேள்வியில் என்ன செய்திருக்கிறாய் என்று மட்டும் வரிக்கு வரி எழுதி அனுப்பு.